பழைய மேனுவல் லென்ஸில் நாய், பூனை: மூக்கு ஷார்ப், கண் மங்கல் ஏன்?

கேள்வி: உறவினர் ஒருவர் கொடுத்த பழைய ஜுப்பிட்டர்-9 (85 எம்.எம். எஃப்/2) லென்ஸை அடாப்டர் போட்டு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவில் பயன்படுத்துகிறேன். மனிதர்களை எடுத்தால் அருமையாக வருகிறது. வீட்டு நாயையும் பூனையையும் எடுத்தால் மூக்கு ஷார்ப்பாக இருக்கிறது, கண் மங்கிவிடுகிறது. சில நேரம் எல்லாமே மங்கல். லென்ஸில் கோளாறா? பேசாமல் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்கிவிடலாமா?

பதில்: மனிதர்களை ஒழுங்காக எடுத்துத் தருகிற லென்ஸ், நாயைப் பார்த்ததும் கெட்டுப்போகாது. சிக்கல் நாயின் முகத்தில் இருக்கிறது. மனித முகம் ஏறக்குறைய தட்டை. நாயின் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையே, முகவாய் நீண்ட இனமாக இருந்தால், 10 செ.மீ. அளவுக்கு இடைவெளி இருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேமில் 85 எம்.எம். லென்ஸை எஃப்/2-இல் (அபெர்ச்சர் எனும் ஒளி புகும் துளை முழுக்கத் திறந்த நிலை; எண் கூடினால் துளை சுருங்கும்) வைத்து 1.5 மீட்டர் தூரத்தில் எடுத்தால், ஷார்ப்பாகத் தெரியும் ஆழம் மொத்தமே சுமார் 3.5 செ.மீ. ஆசையாக நெருங்கி 80 செ.மீ.க்கு வந்துவிட்டால் ஒரு செ.மீ.கூடத் தேறாது. அந்த ஒரு செ.மீ.க்குள் ஒரு கண் மட்டும்தான் நிற்கும். அதுவும் நாயும் நீங்களும் மூச்சு விடாமல் இருந்தால். அதே 1.5 மீட்டரில் எஃப்/4 வைத்தால் 7 செ.மீ., எஃப்/5.6 வைத்தால் 10 செ.மீ. கிடைக்கும். அதனால் முதல் வேலையாக அபெர்ச்சரை எஃப்/4-க்குக் கொண்டுவாருங்கள். பழைய லென்ஸ் வாங்குவதே எஃப்/2-இல் பின்னணி கரைவதற்குத்தானே என்று தோன்றும். இந்த லென்ஸுக்கு 15 அபெர்ச்சர் இதழ்கள் இருக்கின்றன. எஃப்/4-க்கு மூடினாலும் துளை வட்டமாகவே இருக்கும், பின்னணி ஒளிப்புள்ளிகள் கோணல்மாணலாக ஆகாது. நாய்க்குப் பின்னால் நாலைந்து மீட்டர் காலி இடம் இருக்கும்படி நின்றுகொண்டால் பின்னணி போதுமான அளவு கரையும். எஃப்/2-ஐ, அயர்ந்து படுத்திருக்கும் பூனைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். ஃபோகஸ் ரிங்கைத் திருப்பித் திருப்பி விலங்கைத் துரத்தாதீர்கள். ஆட்டோஃபோகஸில் பழகிய கை அதைத்தான் செய்யப் பார்க்கும். ஜுப்பிட்டரின் ரிங் நிறையச் சுற்ற வேண்டிய ரகம். மெதுவான, நுணுக்கமான திருத்தத்துக்கு அது வரம், துரத்துவதற்கு உதவாது. நீங்கள் கால் சுற்று திருப்புவதற்குள் நாய் தலையைத் திருப்பிவிடும். மாறாக, தூரத்தை முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள். முகமும் கழுத்தும் வேண்டுமென்றால் ஒன்றரை மீட்டர், உட்கார்ந்திருக்கும் முழு உடம்பும் வேண்டுமென்றால் மூன்று மீட்டர் அல்லது கொஞ்சம் கூடுதல். ரிங்கை அங்கே வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். தரையில் சம்மணமிட்டோ முழங்காலில் முழங்கையை ஊன்றியோ உட்கார்ந்து, உடம்பை மட்டும் மிக லேசாக முன்னே சாய்த்தபடி நாலைந்து படம் தொடர்ந்து எடுங்கள். ஷார்ப்பான தளம் மூக்கில் தொடங்கிக் கண்ணைக் கடந்து காதுக்குப் போகும். அந்த நாலைந்தில் ஒன்றில் கண் மாட்டிக்கொள்ளும்.

தரையில் உட்காருவதில் இன்னொரு லாபமும் உண்டு. நின்றுகொண்டு கீழே பார்த்து எடுத்தால் விலங்கு அண்ணாந்து பார்க்கும், மூக்கு லென்ஸை நோக்கி நீளும். அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால் தலை சாதாரணமாக இருக்கும், ஆழச் சிக்கல் ஓரளவு குறையும். தலையைச் சற்றே திருப்பிய கோணத்தில் எடுக்கும்போது எப்போதும் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில்தான் ஃபோகஸ் நிற்க வேண்டும். தூரத்துக் கண் மங்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பக்கத்துக் கண் மங்கினால் படமே போச்சு. ஆடு, மாடு, குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் அவற்றை நேர்ப்பக்கமாக எடுக்காமல் பக்கவாட்டாக எடுங்கள். கன்னமும் கண்ணும் கழுத்தும் ஒரே தளத்தில் வந்துவிடும், எஃப்/2.8-கூடத் தாங்கும். அசைபோடும் மாடு நல்ல பயிற்சி. தாடை இடவலமாக ஓடிக்கொண்டே இருக்கும், கண் மட்டும் ஏறக்குறைய அசையாது.

வியூஃபைண்டரில் பீக்கிங்கை (ஷார்ப்பான விளிம்புகளை நிறக்கோடு போட்டுக் காட்டும் வசதி) மட்டும் நம்பியிருந்தால் அதுவும் ஒரு காரணம். பீக்கிங் விளிம்புகளைத்தான் தேடும். ரோமம் முழுக்க விளிம்பு. மூக்கிலிருந்து நெற்றிவரை மொத்தமாகச் சிவப்பு மினுங்கும், எது கண் என்றே தெரியாது. பீக்கிங் அளவைக் குறைந்ததில் வையுங்கள். அப்புறம் ரா ஃபார்மட்டில் (கேமரா மாற்றம் செய்யாத மூலக் கோப்பு) எடுத்துக்கொண்டு, கேமராவின் பட பாணியைக் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றிவிடுங்கள். வியூஃபைண்டரில் நிறமில்லாத படத்தின் மேல் சிவப்புக் கோடு மட்டும் தனியாகத் தெரியும். ரா கோப்பில் நிறம் அப்படியே இருக்கும். விலங்கு அசையாமல் இருக்கும்போது படத்தைப் பெரிதாக்கிக் கண்ணில் விழும் ஒளிப்புள்ளியைப் பாருங்கள். ஃபோகஸ் தள்ளி இருந்தால் அது உப்பிய வட்டமாகத் தெரியும். ரிங்கைத் திருப்பத் திருப்பச் சுருங்கும். எங்கே மிகச் சிறிய புள்ளியாகிறதோ அங்கே நிறுத்துங்கள். கறுப்பு நாய்க்கு இதைவிட நம்பகமான வழி இல்லை. அதன் கண்ணிலும் ரோமத்திலும் பீக்கிங் பிடித்துக்கொள்ள எதுவுமே இருக்காது. அந்தப் புள்ளி கிடைக்க முகம் வெளிச்சமான பக்கம் திரும்பியிருக்க வேண்டும். வாசலுக்குச் சற்று உள்ளே நிழலில், வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் போதும்.

எஃப்/2-இல் ஃபோகஸ் செய்துவிட்டு எஃப்/4-க்கு மூடி எடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஜுப்பிட்டர்-9, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தின் சோனார் வடிவமைப்பின் வழி வந்தது. இந்த வகை லென்ஸ்களில் அபெர்ச்சரை மூடும்போது ஷார்ப்பான தளமே சற்று நகரும். எடுக்கப்போகும் அபெர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். மிரர்லெஸ்ஸில் வியூஃபைண்டர் தானே வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்வதால் மூடிய நிலையிலும் நன்றாகத் தெரியும்.

கேமராவில் சரிபார்க்க வேண்டியவை சில. லென்ஸோடு மின் தொடர்பு இல்லாததால் நடுக்கக் குறைப்புக்கு 85 என்று நீங்களே உள்ளிட வேண்டும். தவறான எண் இருந்தால் அது உதவிக்குப் பதில் படத்தைக் கெடுக்கும். ஷட்டர் வேகம், உட்கார்ந்த விலங்குக்கு 1/250, விளையாடும் விலங்குக்கு 1/1000. ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விடுங்கள். ஃபிரேமை நிறைக்கும் கறுப்பு ரோமத்துக்கு வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் குறைத்தும் வெள்ளை ரோமத்துக்கு அதே அளவு கூட்டியும் எடுங்கள்.

இனி விலங்கின் பக்கம். நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் அது உங்களை நோக்கி வரும், நீங்கள் வைத்த தூரம் காலி. மூச்சிரைக்கும் நாயின் தலை ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு சின்னச் சத்தம், ஒரு காகிதச் சரசரப்பு, காதில் விழுந்ததும் வாயை மூடும், காதை உயர்த்தும், ஓரிரு விநாடி சிலையாக நிற்கும். உங்கள் படம் அங்கேதான் இருக்கிறது. அதே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் அதற்குச் சலித்துவிடும், அல்லது எழுந்து வந்து கையை முகரும். பூனைக்குச் சத்தமே வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே எதையாவது கவனிக்கும் பூனை தலையை அசைக்காது, காது மட்டும் திரும்பும். காதைப் பின்னுக்கு மடித்தாலோ வாலை அடித்தாலோ கேமராவை இறக்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பயந்த விலங்கின் படம் எவ்வளவு ஷார்ப்பாக இருந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

ஓடும் நாய்? குறுக்காக ஓடினால் எடுக்கலாம். அது கடக்கப்போகும் இடத்தில் ஒரு புல் கொத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டு, அங்கே வரும்போது எடுங்கள். நேராக உங்களை நோக்கி ஓடி வந்தால் கணக்கு இடிக்கிறது. விநாடிக்கு 5 மீட்டர் என்பது நாய்க்குச் சாதாரண ஓட்டம். விநாடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது அரை மீட்டர் வந்துவிடும். மூன்று மீட்டரில் எஃப்/4-இல் உங்களுக்குக் கிடைக்கும் ஆழம் சுமார் 29 செ.மீ. நாய் அதைத் தாண்டியே குதித்துவிடலாம். எஃப்/8 வைத்தால் 58 செ.மீ., ஒரு படமாவது உள்ளே விழும்.

ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்கலாமா என்றால், உங்களுக்கு ஓட்டமும் துள்ளலும்தான் வேண்டுமென்றால் தயங்காமல் வாங்குங்கள். விலங்கின் கண்ணைப் பின்தொடரும் இன்றைய கேமராக்களின் வேகத்துக்கு எந்தக் கையும் ஈடு கொடுக்காது. ஓய்வாக இருக்கும் விலங்கின் முகம்தான் வேண்டுமென்றால் இந்த லென்ஸே போதும். கண்ணில் கூர்மை, ரோம ஓரத்தில் மெல்லிய ஒளிக்கசிவு என்று இது தருகிற கலவை எனக்கு மிகவும் பிடித்தது. லென்ஸ் முன்னால் மாட்டும் ஒளி மறைப்பான ஹூட் ஒன்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கோட்டிங் எதிர்வெளிச்சத்தில் படம் முழுவதையும் வெளுக்க வைக்கும்.

கோளாறு பற்றிய சந்தேகம் இன்னும் இருந்தால், ஸ்டாண்டில் கேமராவை வைத்து, அச்சிட்ட தாள் ஒன்றைச் சாய்வாக வைத்து, நடுவரியில் ஃபோகஸ் செய்து எடுத்துப் பாருங்கள். அந்த வரி ஷார்ப்பாக இருந்தால் கேமரா, அடாப்டர், லென்ஸ் மூன்றும் சரி. ஃபோகஸ் ரிங் இறுக்கமாகத் திரும்பினால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. நீங்களாக எண்ணெய் விடாதீர்கள், அது அபெர்ச்சர் இதழ்களுக்குப் பரவி ஒட்டிக்கொள்ளும். பழைய லென்ஸ் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்துப் பழைய கிரீஸை எடுத்துப் புதிது வைக்கச் சொல்லுங்கள்.