குழந்தையின் ரப்பர் பொம்மையில் பேனாக் கறை, கைகாலெல்லாம் பிசுபிசுப்பு. எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தை எடுத்து ஒளித்து வையுங்கள். அதை எடுத்துக் கெட்டவள் நான்.

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை. மகள் அதன் உள்ளங்கையில் நீலப் பேனாவால் மருதாணி போட்டு, கன்னத்திலும் ரெண்டு கோடு இழுத்திருந்தாள். கன்னத்தை அந்தத் திரவத்தால் அழுத்தித் தேய்த்தேன். நாம் ரப்பர் என்று சொல்கிற இந்தப் பொம்மை வினைல் என்ற மெதுவான பிளாஸ்டிக், திரவத்திலிருக்கும் அசிட்டோன் அதையே இளக்கிவிடும் என்று அப்போது தெரியாது. தோல் மாதிரி வழண்டு, பஞ்சு நாரும் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கும்மா" என்று பக்கத்தில் ஒரு கொத்து வேப்பிலை வைத்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

உள்ளங்கைக் கறை போனது முகப்பரு ஜெல்லால். மருந்துக்கடையில் பென்சாயில் பெராக்சைடு ஜெல் என்று கேளுங்கள். கறை மேல் மட்டும் தடிப்பாகப் பூசி, காயாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, காலை வெயிலில் வைத்தேன். சாயங்காலம் கழுவி மறுபடி பூசணும். எனக்கு நாலு நாள் ஆனது. மையை வெளுக்கிற மருந்து என்பதால் வினைலையும் வெளுக்கக்கூடும். முதுகில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். உதடு, புருவம் பக்கம் போகவே கூடாது. கீழே விரித்திருந்த மெரூன் துண்டில் இப்போது வெள்ளைத் திட்டு.

பிசுபிசுப்பு அழுக்கல்ல. வினைல் வளைந்து கொடுக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள், அதுதான் நாளாக ஆகக் கசிகிறது. நம்மூர் சித்திரை வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கலந்து துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, சோளமாவை (கார்ன்ஃபிளார்) லேசாகத் தூவித் தட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு மாவுதான், ஜவ்வரிசி ஊரில் அதற்கா பஞ்சம்! கசிவு நிற்காது, சில மாதம் கழித்துத் திரும்ப வரும். வாயில் வைக்கிற வயசுக் குழந்தைக்கு அப்படிப்பட்ட பொம்மையைக் கொடுக்காதீர்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் அதையெல்லாம் யார் பார்க்கிறோம்?

படுக்க வைத்தால் கண் மூடுகிற பொம்மையைத் தண்ணீரில் முக்காதீர்கள். கண்ணுக்குள் இரும்புக் கம்பி இருந்தால் துருப்பிடித்துக் கன்னத்தில் வழியும். தலைமுடிக்குக் கொஞ்சம் ஷாம்பு போதும், சுடுதண்ணீர் ஆகாது. அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வாருங்கள்.

ஏற்காட்டில் நாத்தனார் வீடு. 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் துணியே காயாது. ஈரம் போகாத ஒரு பொம்மையை பிளாஸ்டிக் பையில் கட்டி அங்கே விட்டு வந்தோம். அடுத்த முறை போனபோது இடுக்கெல்லாம் கரும்புள்ளி. பூஞ்சை வினைலுக்குள் இறங்கிவிட்டால் எதற்கும் மசியாது. கட்டி வைப்பதானால் நன்றாகக் காய்ந்த பிறகு பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை முகத்தில் இறங்கும். மறுபடியும் அந்த ஜெல்லைத் தேடி மருந்துக்கடைக்கு நடக்கணும்.