டேலி டேட்டா முதல் கல்யாண ஆல்பம் வரை: சிறு தொழில்களுக்கான பேக்கப் கேள்வி-பதில்

பேக்கப் பற்றிச் சிறு தொழில் நடத்துபவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எந்த சாஃப்ட்வேர் நல்லது என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் உங்களிடம் நான் கேட்பது இரண்டு. நாளைக் காலையில் கடையின் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால், எத்தனை மணிக்குள் மறுபடி பில் போட ஆரம்பிக்க முடியும்? எத்தனை நாள் கணக்கைக் கையால் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் முறையைத் தேர்ந்தெடுப்பது எளிது.

தினமும் ராத்திரி டேலி கணக்கு சாஃப்ட்வேரை மூடும்போது பேக்கப் எடுத்து டி டிரைவில் போடுகிறோம். இது போதும்தானே?
பனியன் ஜாப் ஒர்க் யூனிட், திருப்பூர்

போதாது. சி, டி என்று இரண்டாகத் தெரிந்தாலும் பெரும்பாலான ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் அவை ஒரே ஹார்ட் டிஸ்கின் இரண்டு பகுதிகள்தான். டிஸ்க் போனால் டேலியும் போகும், பேக்கப்பும் போகும். கம்ப்யூட்டரையே யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் அதே கதிதான்.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு 3-2-1. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பியது. டேட்டா மூன்று பிரதிகளாக இருக்கட்டும், இரண்டு விதமான சேமிப்புச் சாதனங்களில் இருக்கட்டும், ஒன்றாவது கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். உங்கள் யூனிட்டுக்கு இதை இப்படிச் செய்யலாம். வேலை நடக்கும் டேட்டா கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். இந்த வாரம் ஒன்று ஆபீசில், மற்றது முதலாளி வீட்டில். சனிக்கிழமை இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். சிறு யூனிட்டின் டேலி டேட்டா அளவில் சின்னதுதான். அதனால் அதே பேக்கப் ஃபைலைக் கிளவுடிலும் ஒரு பிரதி போட்டுவைக்க முடியும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஒரே ஃபோல்டரில் தினமும் பேக்கப் போட்டால் நேற்றையதன் மேல் இன்றையது எழுதப்பட்டுவிடலாம். டேட்டா புதன்கிழமையே கெட்டுப்போய், வெள்ளிக்கிழமைதான் உங்களுக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது கெட்டுப்போன டேட்டாவின் பேக்கப் மட்டும். திங்கள் முதல் சனி வரை கிழமைக்கு ஒரு ஃபோல்டர், மாதக் கடைசிக்குத் தனி ஃபோல்டர், மார்ச் 31-க்கு அழிக்கவே கூடாத ஒரு ஃபோல்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேலி பிரைமில் ஆல்ட், ஒய் அழுத்தி பேக்கப்புக்குப் போகும்போது, எந்த இடத்தில் எழுதப்போகிறது என்று காட்டும் வரியை ஒரு முறை படித்துவிட்டுத்தான் என்டர் தட்ட வேண்டும்.

எங்கள் ஃபைல் எல்லாம் கூகுள் டிரைவில் தானாக சிங்க் ஆகிவிடுகிறது. தனியாக பேக்கப் எதற்கு?
எஃப்எம்சிஜி ஏஜென்சி, திருச்சி

சிங்க் செய்யும் வேலை, இங்கே நடப்பதை அங்கேயும் நடத்துவது. நீங்கள் செய்யும் தப்பையும் அது அப்படியே அங்கே செய்துவிடும். இங்கே ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அது குப்பைத் தொட்டிக்குப் போகும். முப்பது நாளில் நிரந்தரமாக அழியும். எக்செல் போன்ற ஃபைல்களின் பழைய வடிவங்களையும் பொதுவாக முப்பது நாள் அல்லது நூறு வடிவங்கள் வரைதான் வைத்திருக்கும். ஏப்ரலில் தவறி அழித்த ஸ்டாக் ஷீட்டை ஆடிட்டர் செப்டம்பரில் கேட்டால் எங்கே போவீர்கள்?

டேலி டேட்டா ஃபோல்டரையோ பில்லிங் டேட்டாபேஸையோ நேரடியாக சிங்க் ஃபோல்டருக்குள் வைத்து வேலை செய்யாதீர்கள். டேலி எழுதிக்கொண்டிருக்கும்போதே சிங்க் அந்த ஃபைலைப் பிடித்து ஏற்றப் பார்க்கும். பாதி எழுதிய ஃபைல் மேலே போய்ச் சேரும். பேக்கப் எடுத்து முடித்த ஃபைலை மட்டும் அங்கே போடுங்கள்.

அந்தக் கூகுள் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றும் இன்றைக்கே பாருங்கள். கம்ப்யூட்டர் பார்க்கும் பையனுடைய சொந்த ஜிமெயிலில் கம்பெனி டேட்டா முழுவதும் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர் வேலையை விட்டுப் போனால் டேட்டாவும் கூடவே போகும். கணக்கு கம்பெனி பெயரில் இருக்கட்டும். ஓடிபி முதலாளி போனுக்கு வரட்டும்.

பில்லிங் சாஃப்ட்வேர் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் பேக்கப் ஆகிவிடுமா?
மெடிக்கல் ஷாப், கும்பகோணம்

பெரும்பாலும் ஆகாது. இந்த மாதிரி சாஃப்ட்வேர்கள் பலவற்றின் அடியில் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் ஓடுகிறது. அது ஓடும்போது டேட்டாபேஸ் ஃபைலை விண்டோஸ் காப்பி செய்ய விடாது. ஃபோல்டர் காப்பி ஆனதாகத் தோன்றும், ஆனால் முக்கியமான ஃபைல் அதில் இருக்காது. சாஃப்ட்வேருக்குள் இருக்கும் பேக்கப் பட்டனைப் பயன்படுத்துங்கள். எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் தானாக பேக்கப் எடுக்கும் ஏஜென்ட் வசதி கிடையாது. ராத்திரி பத்தரைக்குத் தானாக எடுத்து எக்ஸ்டர்னல் டிஸ்கில் போடும்படி விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் அமைத்துத் தரச் சொல்லி வெண்டாரிடம் கேளுங்கள். ஏஎம்சி (வருடப் பராமரிப்புக் கட்டணம்) கட்டுகிறீர்கள் அல்லவா, இது கேட்டு வாங்க வேண்டிய வேலை.

காலையில் ஆன் செய்தால் ஸ்கிரீனில் பணம் கேட்டு மெசேஜ். எந்த ஃபைலும் திறக்கவில்லை. செருகியே வைத்திருந்த பேக்கப் டிஸ்கிலும் அதே நிலை. பணம் கட்டிவிடலாமா?
மோட்டார் உதிரிபாகப் பட்டறை, கோயம்புத்தூர்

படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் இந்த வகை வைரஸுக்கு ரான்சம்வேர் என்று பெயர். கட்டாதீர்கள் என்பதுதான் என் யோசனை. கட்டினாலும் பூட்டைத் திறக்கும் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். மற்ற கம்ப்யூட்டர்களையும் தனித்தனியாகப் பிரியுங்கள். வேறு எங்காவது பழைய பேக்கப் டிஸ்க் இருந்தால், பதறிப்போய் அதைக் கொண்டுவந்து இந்தக் கம்ப்யூட்டரில் செருகிவிட வேண்டாம், அதுவும் போய்விடும். பூட்டப்பட்ட ஃபைல்களை அழிக்காமல் ஒரு டிஸ்கில் எடுத்துவையுங்கள். யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் வேறு சிலரும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகைகளுக்கு இலவசமாகவே திறப்பான் கிடைக்கிறது. இன்று இல்லாவிட்டாலும் சில மாதம் கழித்து வரக்கூடும். சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, இப்படிப்பட்ட தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சைபர் கிரைமிலும் புகார் கொடுத்து நகல் வாங்கிவையுங்கள். கணக்கு ஏன் இல்லை என்று நாளைக்கு ஜிஎஸ்டி ஆபீசில் கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

ரான்சம்வேர் நுழைந்த வழியை அடைக்காமல் அதே கம்ப்யூட்டரில் மறுபடி வேலை தொடங்க வேண்டாம். வீட்டிலிருந்து டேலி பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருக்கிறீர்களா? திருடர்கள் முதலில் தட்டிப்பார்க்கும் கதவு அதுதான். அப்டேட்டைத் தள்ளிப்போடுவது அடுத்த காரணம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனிமேல் பேக்கப் டிஸ்க், பேக்கப் ஓடும் அந்தச் சில நிமிடம் மட்டும் செருகியிருக்கட்டும். முடிந்ததும் கழற்றி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுங்கள். செருகியிருக்கும் டிஸ்க் எதுவாக இருந்தாலும் ரான்சம்வேரின் கைக்கு எட்டும். விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் பழைய வடிவங்களையும் அது முதல் வேலையாக அழித்துவிடும். அதை நம்பியும் இருக்க முடியாது.

பேக்கப் சரியாக எடுபடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘சக்சஸ்’ என்று வந்தால் போதாதா?
ஆஃப்செட் அச்சகம், சிவகாசி

இந்தக் கேள்வி கேட்டதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: ஒரு முறையாவது திரும்ப எடுத்துப் பார்க்காததை பேக்கப் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். கிட்லேப் என்ற சாஃப்ட்வேர் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு ஊழியர் தவறிப்போய் முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான ஏற்பாடு வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில் எதுவும் ஒழுங்காகக் கை கொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. கம்ப்யூட்டரே தொழிலாகக் கொண்டவர்களுக்கே அந்த நிலை.

உங்களுக்குச் செய்முறை இது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வேறொரு கம்ப்யூட்டரில், காலியான புது ஃபோல்டரில் டேலி பேக்கப்பை ரீஸ்டோர் செய்யுங்கள். வேலை நடக்கும் ஃபோல்டரிலேயே ரீஸ்டோர் செய்தால் இன்றைய டேட்டாவின் மேல் பழையது உட்கார்ந்துவிடும், ஜாக்கிரதை. திறந்ததும் மூன்றைப் பாருங்கள்: கடைசி பில் நம்பர், ரொக்க இருப்பு, ஏதாவது ஒரு பெரிய பார்ட்டியின் பாக்கி. மூன்றும் அன்றைய பிரின்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். அச்சக வேலைக்கு, பழைய கேலண்டர் டிசைன் ஒன்றை கோரல்டிராவில் திறந்து ஃபான்ட் எல்லாம் வருகிறதா என்றும் பாருங்கள். டிசைன் இருந்து தமிழ் ஃபான்ட் இல்லாமல் போனால் அந்த ஃபைலை வைத்து என்ன செய்வது? ஃபான்ட் ஃபோல்டரும் பேக்கப்பில் சேர வேண்டும்.

டேலி டேட்டாவைப் பூட்டும் டேலிவால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அது இல்லாமல் பேக்கப் திறக்காது. கம்பெனியைக் கேட்டாலும் எடுத்துத் தர முடியாது. காகிதத்தில் எழுதி முதலாளி வீட்டு பீரோவில் வையுங்கள்.

ஒரு கல்யாணத்துக்கு போட்டோ, வீடியோ சேர்த்து 500 ஜிபி வருகிறது. கிளவுடில் ஏற்றலாமா?
போட்டோ ஸ்டுடியோ, நாகர்கோவில்

கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்லோட் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்றால் 500 ஜிபி ஏற ஐம்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் லைன் ஒரு நொடி கூட விடாமல் இருந்தால். வைகாசி முகூர்த்த சீசனில் இது நடக்காத காரியம். முழு மூலத்தையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வீட்டில். கிளவுடுக்குத் தேர்ந்தெடுத்த படங்கள், ஆல்பம் டிசைன், எடிட் முடிந்த வீடியோ மட்டும் போகட்டும்.

மெமரி கார்டை, இரண்டு டிஸ்கிலும் படம் ஏறி, நாலைந்து படத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் ஃபார்மேட் செய்ய வேண்டும். மண்டபத்திலிருந்து நள்ளிரவு அலுப்போடு வந்து, அடுத்த நாள் காலை முகூர்த்தத்துக்குக் கார்டைக் காலி செய்யும் நேரத்தில்தான் படங்கள் போகின்றன. கூடுதலாக இரண்டு கார்டு வாங்கிவைத்தால் அந்த அவசரமே வராது. தாலி கட்டிய படத்தை மறுபடி எடுக்க முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரெய்டு போட்ட நாஸ் பெட்டி, அதாவது ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கில் எழுதும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி, வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காது. ஆனால் ஒரு டிஸ்கில் அழித்தது அதே நொடியில் மற்றதிலும் அழியும். பெட்டியோடு திருட்டுப் போனால் இரண்டும் போகும். அதை பேக்கப்பாக எண்ண வேண்டாம். பென் டிரைவையும் நம்பாதீர்கள். எஸ்எஸ்டியை வேலைக்குப் பயன்படுத்துங்கள். கரன்ட் இல்லாமல் அலமாரியில் வருஷக்கணக்கில் வைக்க ஹார்ட் டிஸ்கே மேல். அதையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை செருகிப் பாருங்கள்.

பேக்கப் டிஸ்கை ஆபீஸ் மாடியில் வைத்தால் போதுமா? வீட்டுக்குக் கொண்டுபோனால் வழியில் தொலைந்துவிடும் என்று பயம்.
பேக்கேஜிங் யூனிட், அம்பத்தூர்

2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாமையும் பார்த்த ஊர் உங்களுடையது. மாடி தண்ணீருக்குத் தாங்கும். தீக்கும் திருட்டுக்கும் தாங்காது. பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததால் சில வாடிக்கையாளர்கள் இரண்டையுமே இழந்தார்கள்.

தொலையும் பயத்துக்கு வழி இருக்கிறது. விண்டோஸ் ப்ரோ இருந்தால் பிட்லாக்கரால் டிஸ்கைப் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் மறந்து வைத்தாலும் எடுத்தவருக்கு வெறும் டிஸ்க்தான் கிடைக்கும். 48 இலக்க ரிகவரி கீயைப் பிரின்ட் எடுத்துத் தனியாக வையுங்கள். அதை அதே கம்ப்யூட்டரில் சேமிப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவது போல. புதிதாக வாங்கும் விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் உங்களைக் கேட்காமலேயே இந்தப் பூட்டு விழுந்திருக்கும். அதன் கீ எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது என்று, லேப்டாப் நன்றாக ஓடும்போதே பார்த்துவிடுங்கள்.

சட்டப்படி எத்தனை வருஷ டேட்டா வைத்திருக்க வேண்டும்?
பிரைவேட் லிமிடெட் கம்பெனி, ஓசூர்

ஜிஎஸ்டி சட்டம் 36-ஆம் பிரிவுப்படி, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். ஜிஎஸ்டி விதி 57, கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள் அழிந்தாலும் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது. இது பதிவு செய்த சின்னக் கடைக்கும் பொருந்தும். உங்களுடையது கம்பெனி என்பதால் கம்பெனிச் சட்டப்படி எட்டு நிதியாண்டுக் கணக்கு வேண்டும். கம்பெனிக் கணக்கு விதிகளில் வந்த 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு, பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி இருக்க வேண்டும். கிளவுட் வாங்கும்போது சர்வர் எந்த நாட்டில் என்று எழுத்தில் கேட்டு வாங்கி ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடுகிறது. பேக்கப் இல்லை. என்ன செய்ய?
அரிசி மண்டி, காங்கேயம்

இதைப் படித்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். ஆன் செய்து ஆன் செய்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே சேதம் கூடும். செக் டிஸ்க் ஓட்ட வேண்டாம், ரிகவரி சாஃப்ட்வேர் இறக்கி அதே டிஸ்கில் போட வேண்டாம், யாராவது ஃப்ரீசரில் வைக்கச் சொன்னால் கேட்க வேண்டாம், மூடியைத் திறக்கவே கூடாது. டிஸ்கைக் கழற்றி, ஆன்டிஸ்டாடிக் கவரில் போட்டு, தூசியில்லா அறை வசதி உள்ள டேட்டா ரிகவரி நிலையத்துக்கு நேரில் கொண்டுபோங்கள். எந்தெந்த ஃபோல்டர் கட்டாயம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, எடுத்தால்தான் பணம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அதற்கிடையில் ஆடிட்டரிடம் கடைசியாக அனுப்பிய டேலி டேட்டா இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ரிட்டர்ன் போட அனுப்பிய மெயிலிலேயே அது இருக்கக்கூடும்.