ஜெயில், பிரிசன்: இரண்டும் ஒன்றுதானா?

கேள்வி: அமெரிக்கச் செய்திகளில் ஒரே கைதியை முதலில் ‘ஜெயிலில்’ என்கிறார்கள், பிறகு ‘பிரிசனுக்கு’ அனுப்பினார்கள் என்கிறார்கள். ஏன்?

நம் ஊர்ப் பேச்சில் இரண்டும் ஒன்றுதான். அமெரிக்காவில் அப்படி இல்லை.

அங்கே ஜெயிலைப் பெரும்பாலும் நடத்துவது கவுண்டி, அதாவது மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம். பொறுப்பு பல இடங்களில் ஷெரிப்பிடம், அதாவது கவுண்டியின் காவல் தலைவரிடம். இப்போதுதான் கைதானவர், ஜாமீன் பணம் கட்ட முடியாதவர், வழக்கு முடியக் காத்திருப்பவர் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்களே அங்கு அதிகம் என்பதைக் கவனியுங்கள். சிறு குற்றத்துக்கு ஓராண்டுக்கு உட்பட்ட தண்டனை பெற்றவர்களும் இருப்பார்கள். நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவு இந்த வகை.

பிரிசன் என்பது மாநில அரசோ மத்திய அரசோ நடத்துவது. பெருங்குற்றத்தில் தண்டனை உறுதியாகி, ஓராண்டுக்கு மேல் இருக்க வேண்டியவர்களுக்கு. கலிபோர்னியாவின் சான் குவென்டின் இதற்கு உதாரணம். ஆக, அந்தக் கைதி விசாரணை முடியும்வரை ஜெயிலில் இருந்திருக்கிறார், தீர்ப்பு வந்ததும் பிரிசனுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

விதிவிலக்கும் உண்டு. கலிபோர்னியாவில் 2011 சட்டத் திருத்தத்துக்குப் பின் சில பெருங்குற்றவாளிகள் கவுண்டி ஜெயிலிலேயே பல ஆண்டு இருக்கலாம். அலாஸ்கா, டெலவேர் போன்ற சில மாநிலங்களில் இரண்டையும் மாநில அரசே நடத்துகிறது.

இந்திய ஆங்கிலத்தில் இந்தப் பிரிவினையைத் தேட வேண்டாம். புழலில் விசாரணைக் கைதிகளுக்குத் தனிச் சிறை இருந்தாலும், அதுவும் மாநிலச் சிறைத்துறையின் கீழ்தான். பிரிட்டனிலும் பிரிசன்தான் அலுவல் சொல். ஜெயில் பேச்சு வழக்கு.