வீட்டில் ஒருவர் சிறையிலிருக்கும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து அண்மையில் வந்த கடிதங்களுள் ஒரே விடயத்தைப் பேசுகின்ற ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கியிருக்கிறேன்.

கணவர் சில மாதங்களாக விளக்கமறியலில் இருக்கிறார். அப்பா கட்டாருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று ஆறு வயது மகளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். இப்போது வீடியோவில் அப்பாவைக் காட்டு என்று தினமும் அழுகிறாள். - உப்புவெளி

வளைகுடாவுக்குப் போன தந்தையர் இல்லாத தெருவே நம் பகுதியில் இல்லை என்பதால் இந்தப் பொய்யை எல்லோரும் எளிதில் நம்புகிறார்கள். அது விரைவில் அம்பலமாவதும் அதே காரணத்தால்தான். அடுத்த வீட்டுப் பிள்ளையின் தந்தை வாரந்தோறும் வட்ஸ்அப்பில் பேசுகிறார், விடுமுறைக்குப் பெட்டிகளோடு வருகிறார். தன் தந்தை இவற்றில் எதையும் செய்யாதபோது, அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்றோ, தான் குழப்படி செய்ததால்தான் அவர் போய்விட்டார் என்றோ அந்த வயதுப் பிள்ளை முடிவு கட்டிக்கொள்ளும். உண்மையைவிட இந்த எண்ணமே அவளை அதிகம் வருத்தும். அதோடு, உண்மையை நீங்கள் சொல்லாவிட்டால் பாடசாலையில் யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும் என்பதையும் மனதிற்கொள்ளுங்கள்.

அவசரமில்லாத ஒரு மாலையில், அவளை அருகில் இருத்தி, ஏறத்தாழ இவ்வாறு சொல்லலாம்: “அப்பா கட்டாரில் இல்லை. நீ கவலைப்படுவாய் என்று பயந்து அப்படிச் சொல்லிவிட்டோம். அப்பா ஒரு பிழை செய்ததாகப் பொலிஸார் சொல்கிறார்கள். அது உண்மையா என்று நீதிமன்றத்தில் விசாரிக்கிறார்கள். அதுவரைக்கும் அவர் சிறைச்சாலையில் இருக்க வேண்டும். இது உன்னால் நடந்ததில்லை.” விளக்கமறியலில் இருப்பவர் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர் அல்லர் என்பதால், “அப்பா கூடாத வேலை செய்தவர்” என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம், “பொய் வழக்கு” என்றும் உறுதியாகச் சொல்ல வேண்டாம். விளக்கமறியல் தவணை தவணையாக நீடிக்கப்படுவதால், தீபாவளிக்கு வந்துவிடுவார் என்பது போன்ற வாக்குறுதிகளையும் தவிர்த்துவிடுங்கள். பிள்ளைகள் முதலில் கேட்பது பெரும்பாலும் வழக்கைப் பற்றியல்ல, அப்பா எங்கே படுக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்பதைத்தான். அதற்குத் தெரிந்த பதிலைச் சொல்லுங்கள். யாரிடமும் வாய் திறக்காதே என்று பாரத்தை அவள் தலையில் ஏற்றாமல், யாராவது கேட்டால் “அம்மாவிடம் கேளுங்கள்” என்று சொல்லக் கற்றுக்கொடுத்தால் போதும். வகுப்பாசிரியருக்கு மட்டும் நீங்களே போய்த் தெரியப்படுத்திவிடுவது நல்லது.

மகன் தண்டனை பெற்று அநுராதபுரத்தில் இருக்கிறான். பேரப்பிள்ளைகள் இருவரையும் கூட்டிச் சென்று காட்டலாமா, அந்த இடத்தைப் பார்த்துப் பயந்துவிடுவார்களா? - மூதூர்

பிள்ளைகள் விரும்பினால் கூட்டிச் செல்லுங்கள், அம்மா. பிரிந்திருக்கும் பெற்றோருடன் தொடர்பைப் பேணுவது பிள்ளையின் உரிமை என்று சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை 1991இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. என் அனுபவத்தில், பிள்ளைகளை அதிகம் பயமுறுத்துவது சிறைச்சாலையைவிட அதைப் பற்றிய அவர்களது கற்பனைதான். நேரில் பார்த்த பிறகு பலருக்கு உறக்கம் சீராகிறது.

ஆனால் ஆயத்தமில்லாமல் போகக்கூடாது. தண்டனைக் கைதிகளுக்கான பார்வையிடும் முறை விளக்கமறியல் கைதிகளுக்குரியதைப் போன்றதல்ல என்பதால், எந்த நாளில் எத்தனை பேருக்கு அனுமதி, எதைக் கொண்டுவரலாம் என்பதை முன்கூட்டியே சிறைச்சாலையில் கேட்டறியுங்கள். உங்கள் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளையும் எடுத்துச் செல்லுங்கள். வாசலில் உடலையும் பையையும் சோதிப்பார்கள், நெடுநேரம் காத்திருக்க நேரும், பேசக் கிடைப்பது சில நிமிடங்களே, இடையில் கம்பி வலை இருந்தால் அப்பாவைத் தொட முடியாது என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்தச் சில நிமிடங்களைப் பெரியவர்கள் வழக்கையும் காணிப் பிரச்சினையையும் பேசித் தீர்த்துவிடுவதை அடிக்கடி காண்கிறோம். அவை பிள்ளைகளுடைய நிமிடங்கள். போக முடியாத மாதங்களில் கடிதமோ ஒரு சித்திரமோ அனுப்பலாம்.

மூதூரிலிருந்து அநுராதபுரம் போய்வருவது ஒரு முழு நாளையும் கையிலுள்ள பணத்தையும் தின்றுவிடும் என்பதை அறிவேன். கைதியை இயன்றவரை வீட்டுக்கு அருகிலுள்ள சிறையில் வைத்திருக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் கூறுகின்றன. அங்குள்ள நலன்புரி உத்தியோகத்தர் ஊடாக இடமாற்றம் கோரி விண்ணப்பிக்கும்படி மகனிடம் சொல்லுங்கள். பிள்ளைகளின் வயதையும் தூரத்தையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். கிடைக்குமென்று உறுதி கூற முடியாவிட்டாலும் கேட்காமல் விடக்கூடாது.

தரம் 8 மாணவன் ஒருவனை மற்றப் பிள்ளைகள் “ஐஸ்காரன்ட மகன்” (ஐஸ் என்பது ஒரு போதைப்பொருள்) என்று பட்டம் சொல்லி அழைக்கிறார்கள். நான் வகுப்பாசிரியை. என்ன செய்யலாம்? - கிண்ணியா

வகுப்பின் முன்னால் அவனுக்காகப் பரிந்து பேசாதீர்கள், அது அவனை இன்னொரு தடவை அம்பலப்படுத்தும். பட்டம் சொல்பவர்களைத் தனித்தனியே அழைத்துக் கண்டியுங்கள். அவனிடம் குடும்பக் கதையைக் கேட்காமல், அவனால் செய்யக்கூடிய ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள். வரவு குறைகிறதா என்று கவனியுங்கள். அடியோ பட்டினியோ இருப்பதாகத் தெரிந்தால், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கோ அறிவியுங்கள். ஆசிரியர் ஓய்வறையில் இந்தக் கதை பேசப்படாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அப்பா செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. வந்து பார்க்கும்படி அம்மா வற்புறுத்துகிறார். எனக்குப் பதினைந்து வயது. படிப்பை விட்டுக் கரைவலைக்குப் போகலாமா என்றும் யோசிக்கிறேன்.

தம்பி, போய்ப் பார்ப்பது உமது உரிமையே தவிரக் கடமையல்ல. “இப்போது என்னால் முடியாது” என்று அம்மாவிடம் சொல்லும். இனி ஒருபோதும் இல்லை என்று இன்றே முடிவெடுக்கத் தேவையில்லை. கோபமும் பாசமும் ஒரே ஆள்மேல் இருப்பது வழக்கமானதுதான்.

படிப்பைப் பொறுத்தவரை, 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்பது சட்டம். வீட்டுச் செலவை நினைத்துத்தான் இந்த யோசனை வந்திருந்தால், அம்மாவை முதலில் கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் அணுகச் சொல்லும். சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடிக்கும்வரை கரைவலையைத் தள்ளிவைக்கலாம். பேச ஆள் வேண்டுமென்றால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

தண்டப்பணம் கட்ட முடியாமல் தம்பி சிறைக்குப் போய்விட்டான். மனைவியின் நகையை அடகு வைத்து மீட்பதா, இருந்துவிட்டு வரட்டும் என்று விடுவதா? - தம்பலகாமம்

தண்டப்பணத்துக்குப் பதிலாக அனுபவிக்கும் சிறை, அந்தப் பணத்தைச் செலுத்தியதும் முடிந்துவிடும். எனவே மீதியிருக்கும் நாட்களில் அவர் உழைக்கக்கூடிய கூலியையும் அடகு வட்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அநேகமாக மீட்பதே இலாபம். ஆனால் நாள் வட்டிக்காரரிடம் போகாதீர்கள். அடகு வைப்பதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள். நகை மனைவியுடையது, ஆகவே முடிவும் அவருடையதாக இருக்கட்டும்.