கணக்கில் முந்தி நிற்கும் பிள்ளைக்குத் தனி வகுப்பு தேவையா?

கேள்வி: என் மகள் நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் படு சூட்டிகை. டீச்சர் நடத்துவதற்கு முன்பே புத்தகத்தில் உள்ளதைப் போட்டு முடித்துவிடுகிறாள். அப்புறம் வகுப்பில் போரடிக்கிறது என்று சிணுங்குகிறாள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்தோம், 138 வந்தது. வரும் ஆண்டு ஆறாம் வகுப்பில் திறமையான பிள்ளைகளுக்கென்று தனி செக்‌ஷன் தொடங்குகிறார்கள். ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன், ஒலிம்பியாட் பயிற்சி எல்லாம் அதில் உண்டாம். ஃபீஸ் கூடுதல். அவளிடம் ஒரே ஒரு குறை, எழுதச் சொன்னால் அழுகை. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வாள், நோட்டில் பாதிதான் இருக்கும். அந்த செக்‌ஷனில் சேர்க்கலாமா? அல்லது ஒரு வகுப்பைத் தாண்டிப் போடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் மகளுக்குத் தேவை கணக்குப் பாடத்தில் ஒரு மாற்றம். அதற்காக அவளுடைய முழு பள்ளி நாளையும் மாற்ற வேண்டியதில்லை. நீங்கள் கடைசியில் சொன்ன அந்த எழுத்து விஷயத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 138. இந்த வகைத் தேர்வுகளில் சராசரி 100. 130-க்கு மேல் வருவது நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய இரண்டு பேருக்குத்தான். அந்தக் கணக்குப்படி உங்கள் மகள் நன்றாகவே முந்தி நிற்கிறாள். ஆனால் எந்தத் தேர்வு வைத்தார்கள் என்று அறிக்கையில் பாருங்கள். நம் ஊரில் இன்னமும் புழங்கும் பினே-காமத் தேர்வு 1930-களில் உருவானது. மாலின் தேர்வு 1960-களின் கடைசியில் வந்தது. தலைமுறைக்குத் தலைமுறை இந்தத் தேர்வுகளில் பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்ததை நியூசிலாந்து ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் பல நாட்டுத் தரவுகளில் காட்டினார். பத்தாண்டுக்குச் சுமார் மூன்று புள்ளி. அதனால் பழைய அளவுகோலை வைத்து இன்றைய பிள்ளையை அளந்தால் எண் கூடுதலாகத்தான் வரும். உங்கள் மகள் கெட்டிக்காரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஒற்றை எண்ணை வைத்து அவளுடைய அடுத்த ஏழு வருஷத்தை முடிவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் 1921-ல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, ஐ.க்யூ. பார்த்து ஏறத்தாழ 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தது. அதில் மதிப்பெண் போதாமல் விடுபட்ட வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் இருவரும் பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கினார்கள்.

எண்ணைவிட உதவுவது வேறொரு சோதனை. அதை வீட்டிலேயே செய்யலாம். பள்ளியில் அடுத்து நடத்தப்போகும் கணக்குப் பாடத்தின் கடைசிப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பதிலேயே கடினமான ஐந்து கணக்கை, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளைப் போடச் சொல்லுங்கள். நான்கு சரியாக வந்தால் அந்தப் பாடத்தில் அவளுக்குப் பள்ளி புதிதாகக் கற்றுத்தர ஏதும் இல்லை. இரண்டுதான் வந்தால், வேகம் இருக்கிறது, ஆழம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். நான்கைந்து பாடங்களுக்கு இப்படிச் செய்து, தேதி போட்டு ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். பள்ளிக்குப் பேசப் போகும்போது ஐ.க்யூ. அறிக்கையைவிட இந்த நோட்டுதான் பேசும். “என் பிள்ளை ஜீனியஸ்” என்று போய் நின்றால் எந்த ஆசிரியருக்கும் எரிச்சல்தான் வரும். “இந்த நான்கு பாடம் இவளுக்கு ஏற்கெனவே தெரிகிறது, அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய வைக்கலாம், டீச்சர்?” என்று கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் யோசிப்பார்கள்.

சரி, அந்த வேறு வேலை என்ன? இங்கேதான் பள்ளிகளும் பெற்றோரும் சறுக்குகிறார்கள். சீக்கிரம் முடித்த பிள்ளைக்கு அதே மாதிரி இன்னும் இருபது கணக்கு கொடுப்பது தண்டனை. எட்டாம் வகுப்புச் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வைப்பதும் உதவாது. ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் 1/3-ஐயும் 1/6-ஐயும் கூட்டிக்கொண்டிருக்கும்போது இவளிடம் ஒரு தாளில் இதை மட்டும் எழுதிக் கொடுங்கள்: மேலே 1 இருக்கிற, வெவ்வேறான இரண்டு பின்னங்களைக் கூட்டி 1/2 வரவழை. 1/3 + 1/6 என்று கண்டுபிடிப்பாள். அப்புறம் 1/3 வரவழை: 1/4 + 1/12. அடுத்து 1/5: 1/6 + 1/30. மூன்றாவதில் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். எப்போதுமே இப்படி வருமா, ஏன் வருகிறது என்று கேளுங்கள். பிறகு 1/6-க்கு எத்தனை வழி என்று கேளுங்கள். 1/7 + 1/42 உடனே வரும். 1/8 + 1/24, 1/9 + 1/18, 1/10 + 1/15 ஆகியவற்றைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம்கூட ஆகலாம். பாடமும் அதே பின்னம்தான், வகுப்பறையும் அதேதான். ஆனால் அவள் முதல்முறையாகக் கணக்கில் தடுமாறுவாள். தடுமாறிப் பழகாமலே பத்தாம் வகுப்பு வரை வந்துவிடும் கெட்டிக்காரப் பிள்ளைகள், பதினொன்றாம் வகுப்பில் முதல்முறை விடை வராதபோது உடைந்துபோவதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். உங்கள் மகள் விஷயத்தில் என் கவலையும் அதுதான்.

ஒரே வகுப்பில் வெவ்வேறு வேகம் என்பது நமக்குப் புதிதும் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில், ஏணிப்படி போல அட்டைகளை அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறியது. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் பார்த்துவிட்டு வந்து செய்தது அது. இப்போதைய எண்ணும் எழுத்தும் திட்டத்தில்கூட அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடக்கிறது. மேல்படியில் நிற்கும் பிள்ளைக்கு அடுத்து கொடுக்க ஒன்றுமில்லாமல் போவதுதான் சிக்கல்.

இனி அந்தத் தனி செக்‌ஷன். திறன்மிகு பிள்ளைகளுக்கான திட்டம் வேறு, நுழைவுத்தேர்வுப் பயிற்சியை ஆறாம் வகுப்புக்கு இழுத்து வருவது வேறு. உங்கள் பள்ளி சொல்வது இரண்டாவது வகை போலத் தெரிகிறது. உறுதி செய்துகொள்ள மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு பாடத்தில் மட்டும் முந்தி நிற்கும் பிள்ளையை என்ன செய்வீர்கள்? வாரத் தேர்வுகள் எத்தனை? விளையாட்டு, ஓவியம், நூலகப் பீரியடுகள் அந்த செக்‌ஷனுக்கும் உண்டா? மூன்றாவதுக்குத் தயக்கமான பதில் வந்தால் கட்டணம் கட்ட வேண்டாம்.

நல்ல எண்ணத்தோடு, நிறைய பணம் போட்டு நடத்தப்பட்ட தனி வகுப்பின் கதையும் நம் முன்னால் இருக்கிறது. சிங்கப்பூர் 1984-ல் மீத்திறன் மாணவர் திட்டத்தைத் தொடங்கியது. மூன்றாம் வகுப்பில் தேர்வு வைத்து, மேலே வரும் ஒரு சதவீதத்தினரை எடுத்து, நான்காம் வகுப்பிலிருந்து ஒன்பது தொடக்கப் பள்ளிகளில் தனி வகுப்பாக நடத்தினார்கள். அங்கிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகவே தெரியும். அந்தத் தேர்வுக்கென்றே டியூஷன் கடைகள் முளைத்தன. நாற்பது ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்ட்டில் பிரதமர் லாரன்ஸ் வோங், அந்த வடிவத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தார். இனி பிள்ளை தன் பள்ளியிலேயே, தன் நண்பர்களோடு இருக்கும். எந்தப் பாடத்தில் பலமோ அதில் கூடுதல் வேலை கிடைக்கும். அதற்கும் மேல் தேவைப்படுகிறவர்கள் பள்ளி முடிந்தபின் அருகிலுள்ள ஒரு பள்ளியில் சிறப்பு வகுப்புக்குப் போவார்கள். அவ்வளவு வசதி உள்ள நாடே பாடவாரியாகப் பார்ப்பதற்கு வந்திருக்கிறது.

தனி வகுப்பில் இன்னொன்றும் நடக்கும். எல்லோரும் கெட்டிக்காரர்களாக இருக்கும் அறையில், அதே பிள்ளை தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்க ஆரம்பிக்கும். ஆஸ்திரேலியாவின் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களிலிருந்து இதை நாடு நாடாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார். எல்லாப் பிள்ளைக்கும் இது நேராது. ஆனால் எழுதச் சொன்னால் அழும் ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு நான் அந்த ஆபத்தை எடுக்க மாட்டேன்.

தனி ஏற்பாடு யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூலகமோ கணக்கு ஆசிரியரோ இல்லாத ஊரில் பிறந்த கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தனிப் பள்ளி வாழ்க்கையையே மாற்றும். 1985-86-ல் தொடங்கிய நவோதயா பள்ளிகள் அந்த நினைப்பில் வந்தவைதான் (தமிழ்நாட்டில் அவை இல்லை). புனேயில் ஞானப் பிரபோதினி 1969 முதல் இப்படி ஒரு பள்ளியை நடத்துகிறது. அதேபோல், வயதைவிட நான்கைந்து ஆண்டு முந்தி நிற்கும் அபூர்வமான பிள்ளைக்கும் சாதாரண வகுப்பு போதாது. அப்படிப்பட்டவர்களுக்குக்கூடப் பாடவாரியாக முன்னேற்றுவதுதான் நன்றாக வேலை செய்திருக்கிறது. அடிலெய்டில் வளர்ந்த கணித மேதை டெரன்ஸ் டாவ், ஒரே நேரத்தில் வெவ்வேறு பாடங்களுக்கு வெவ்வேறு வகுப்பில் உட்கார்ந்து படித்தவர். பல்கலைக்கழகத்துக்கு முழுநேரமாகப் போனது 14 வயதில்தான். அவசரப்படுத்தியிருந்தால் இன்னும் முன்பே அனுப்பியிருக்கலாம். பெற்றோர் அப்படிச் செய்யவில்லை.

ஒரு வகுப்பைத் தாண்டுவது பற்றிக் கேட்டீர்கள். தாண்டினால் கணக்கு மட்டும் தாண்டாது, தமிழ்க் கட்டுரையும் சமூக அறிவியலும் சேர்ந்தே தாண்டும். ஏற்கெனவே எழுத்தில் திணறுகிறவளுக்கு எழுத்து வேலை இரட்டிப்பாகும். பின்னால் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால் நீட் எழுத, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். மிச்சம் பிடித்த வருஷம் அங்கே காத்திருப்பில் போய்விடும். அதற்குப் பதில், கணக்குப் பீரியடுக்கு மட்டும் மேல்வகுப்பில் உட்கார முடியுமா என்று கேளுங்கள். கால அட்டவணையில் இரண்டு வகுப்புக்கும் கணக்கு ஒரே நேரத்தில் வந்தால் போதும்.

வெளியிலும் கதவு திறந்திருக்கிறது. சென்னையில் 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் தேசியக் கணிதத் திறன் போட்டியை நடத்துகிறது. அதில் ‘காஸ்’ என்ற பிரிவு ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. பரிசுக்காக எழுத வைக்காதீர்கள். பழைய வினாத்தாள்களை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அவளோடு நீங்களும் உட்கார்ந்து ஒரே ஒரு கணக்கை முயன்று பாருங்கள்.

இனி எழுத்து. வாயால் கடகடவென்று சொல்கிற பிள்ளை, நோட்டில் பாதியோடு நிறுத்தினால் அதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ எண்ண வேண்டாம். அதிக அறிவுத்திறனும் எழுத்தில் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். கெட்டிக்காரத்தனம் குறைபாட்டை மூடிவிடும், குறைபாடு கெட்டிக்காரத்தனத்தை மூடிவிடும். அதனால் ஆசிரியருக்கு அவள் சராசரிப் பிள்ளையாகவே தெரிவாள். இந்தியில், ஆங்கிலத்தில், தமிழில் என எல்லா மொழியிலும் எழுத மறுக்கிறாளா, விரல் சீக்கிரம் வலிக்கிறது என்கிறாளா, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது எழுத்துகள் விடுபடுகின்றனவா என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள். கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். பிறகு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற உளவியலாளரிடமோ சிறப்புக் கல்வி நிபுணரிடமோ முறையான கற்றல் மதிப்பீடு செய்யுங்கள். சென்னை வர முடிந்தால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள மத்திய அரசு நிறுவனத்தையும் (NIEPMD) மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனையும் அணுகலாம். ஐ.க்யூ. எண்ணை மட்டும் கொடுக்கும் இடம் வேண்டாம்; படித்தல், எழுதுதல், கணக்கு மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து எழுதித் தருகிற இடமாக இருக்கட்டும்.

குறைபாடு இருப்பது உறுதியானால் பயப்பட ஒன்றுமில்லை. இந்த வயதில் பயிற்சி தொடங்கினால் நல்ல முன்னேற்றம் வரும். பள்ளியில் வாய்மொழியாகப் பதில் சொல்லவும், தேர்வில் கூடுதல் நேரம் பெறவும் இப்போதே கேட்கலாம். அரசுப் பொதுத்தேர்விலும் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. அந்த மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வரும்வரை தனி செக்‌ஷனுக்கு முன்பணம் கட்டாதீர்கள். அதற்குள் இடம் நிரம்பிவிடும் என்று பள்ளி அவசரப்படுத்தினாலும், அறிக்கையைப் பார்த்த பிறகே பேசுங்கள்.