மாதம் 90 மணி நேர ஓட்டியும் அம்மாவின் 555 புத்தகமும்

கேள்வி கேட்டவருக்கு 29 வயது. “காலையில் வேலைக்குப் போகிறேன், இரவில் வந்து படுக்கிறேன், வருடம் ஓடிவிடுகிறது, எதற்கென்றே தெரியவில்லை. வேலையிலும் வீட்டிலும் ஒரு நோக்கத்தோடு வாழ்வது எப்படி?” என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு 44. மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். ஒரு கையுறைத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பகுதியில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ‘நோக்கம்’ என்ற சொல்லைக் கேட்டாலே தன்முனைப்பு (மோட்டிவேஷன்) முகாம் நடத்துகிறவர்கள் ஞாபகம் வந்து எரிச்சல் தட்டும். ஆனாலும் இதே கேள்வியை நானும் கேட்டுக்கொண்டு திரிந்தவன்தான்.

அப்போது எனக்கு ஓட்டி, அதாவது ஓவர்டைம் வேலை என்றால் உயிர். நம் நாட்டுச் சட்டப்படி மாதத்துக்கு 104 மணி நேரம் வரைதான் ஓட்டி செய்யலாம். நான் பல மாதம் தொண்ணூறைத் தாண்டியிருக்கிறேன். யாராவது விடுப்பு எடுத்தால் சூப்பர்வைசர் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார். 2023 ஜனவரியில் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்தார்கள் அல்லவா? அந்த மூன்று மணி நேரத்தையும் ஓட்டியாகவே விற்றேன். சட்டமே பார்த்துக் கொடுத்த ஓய்வைத் திருப்பி விற்றவன் இந்தத் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) நான் ஒருவன்தான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அந்த வருடம் வீடு மாறினோம். சாமான்களை ஒதுக்கும்போது அம்மாவின் தகரப் பெட்டியில் ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு 555 புத்தகம் கிடைத்தது. மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த உள்ளங்கை அளவுப் புத்தகம். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். வெறும் வரவு செலவாக இருக்கும் என்று திறந்தேன். ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் ஒரு பெயர். ‘பெரியவ சப்பாத்து.’ ‘அவருக்கு மருந்து.’ ‘சின்னவன் நோட்டு’, அது நான். மாதத்துக்கு ஒரு முறை ‘சங்கம்’ என்று மட்டும் ஒரு வரி.

சங்கம் என்றால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். லயத்து வீடும் (தோட்டத்து வரிசை வீடும்) வேலையும் சேர்ந்தே போயின. அப்போதுதான் எங்கள் ஊர்க்காரரும் அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளைப் பங்கு வாங்க வைத்து 1960இல் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தச் சங்கத்தின் பிற்காலக் கணக்குவழக்குகளைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு, அது வேறு விஷயம். அம்மாவுக்கு அந்த வரி எதற்கு என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அன்றிரவு நானும் மனைவியும் ஒரு வருடச் சம்பளச் சீட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினோம். ஓட்டிப் பணம் மட்டும் மாதம் சுமார் 1,200 வெள்ளி (ரிங்கிட்). அது யாருக்குப் போனது என்று பெயர் எழுதப் பார்த்தோம். சமைக்க நேரம் இல்லாமல் கடையில் கட்டிய சாப்பாடு 300. மகளின் கணித டியூஷன் 180. ஐந்தாம் ஆண்டுக் கணக்கு, எனக்கே தெரியும். புல் வெட்டும் ஆளுக்கு 60. அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன வாடகைக் காருக்கு 80. இப்படியே பாதிப் பணம், வீட்டில் நான் இல்லாததற்கு நானே கட்டிய வாடகை.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஓட்டிப் பணத்துக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடிப்பதில்லை. சட்டமே அப்படித்தான். பதினைந்து வருடமாக ஓட்டியில் முதுகு ஒடிந்ததில் என் வயதான காலத்துக்கு என்று ஒரு காசும் சேரவில்லை.

இந்தக் கணக்கை அம்மாவிடம் காட்டியபோது சிரித்தார். “தடிப்பா சீவிட்டியேடா” என்றார். மரம் வெட்டாதவர்களுக்கு இது புரியாது. ஐந்து மணிக்குப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து, நெற்றி விளக்கோடு நிரைக்கு, அதாவது தன் மர வரிசைக்குப் போய், வெயில் ஏறும் முன் வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் இறங்காது. பட்டையைக் காகிதம் போல மெலிசாகச் சீவ வேண்டும். தடிப்பாகச் சீவினால் பால் கூடப்போவதில்லை, பட்டைதான் சீக்கிரம் தீரும். ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆகிவிடும். வேலையை மேற்பார்க்கும் தண்டல், பால் வாளியைப் பார்ப்பதற்கு முன் கீழே கிடக்கும் சீவலை எடுத்துப் பார்ப்பாராம்.

சரி, இப்போது என்ன செய்கிறேன்? ஓட்டியை அடியோடு விடவில்லை. ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு விடச் சொல்லவும் மாட்டேன். ஆனால் மாதம் பிறப்பதற்கு முன்பே எத்தனை மணி நேரம், யாருக்கு என்று எழுதிவிடுவேன். போன மாதம் ‘மகள் பல் கம்பி, 30 மணி’. முப்பது ஆனதும் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தாலும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். முதல் மூன்று மாதம் அவர் முறைத்தார், அப்புறம் வேறு ஆளைப் பழக்கிக்கொண்டார்.

வேலையிலும் ஒரு சின்ன மாற்றம். எங்கள் பரிசோதனையில் கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் கழித்துக் கசிகிறதா என்று பார்ப்போம். அந்த இரண்டு நிமிடமும் எனக்குக் கைப்பேசி நேரம். இப்போது கையுறையைப் பார்க்கிறேன். ஒரு வாரம் பார்த்ததில், ஒரே லைனில் வருபவற்றில் சில கட்டைவிரல் சந்திலேயே சொட்டுவது தெரிந்தது. போய்த் தேடினால் பீங்கான் அச்சு ஒன்றில் நகம் அளவுக்கு விண்டிருந்தது. மாற்றினோம். யாரும் பாராட்டவில்லை, ஆனால் அன்று வீட்டுக்கு மோட்டாரில் வரும்போது விசில் அடித்துக்கொண்டு வந்தேன். அம்மா வெட்டிய பாலுக்கும் மகன் செய்யும் கையுறைக்கும் ஒரு தொடர்பு என்று உருகி எழுத ஆசைதான். நாங்கள் செய்வதில் முக்கால்வாசி நைட்ரில் என்ற செயற்கை ரப்பர், அது பால்மரத்திலிருந்து வருவதே இல்லை.

உங்களுக்கு என்ன சொல்ல? ஐந்து வருடத் திட்டமெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ஒரு 555 வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் ஒரே வரி எழுதுங்கள்: இன்றைய நேரம் யாருக்குப் போனது. என்னுடையதில் ‘2 மணி, புலனம் (வாட்ஸ்அப்), யாருக்கும் இல்லை’ என்று எத்தனையோ வரி இருக்கிறது. முதல் வாரம் கூச்சமாக இருக்கும். நான் ஐந்தாம் நாளே பொய் எழுதினேன், ‘மகளோடு கணக்கு, 1 மணி’ என்று. மறுநாள் அவளே அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் 1ஐ அடித்து ‘10 நிமிடம்’ என்று திருத்தி வைத்திருந்தாள்.