சொகுசுக் கப்பலில் ‘ஃபார்மல் நைட்’ என்றால் என்ன உடுத்துவது? டக்ஸீடோ வாங்கியே ஆக வேண்டுமா?

வாங்க வேண்டாம். வில் டையோடு போடும் அந்த விருந்து சூட்டுக்குப் பதில், அளவாகத் தைத்த கறுப்பு அல்லது கருநீல சூட் ஒன்று உங்களிடம் இருந்தால் போதும். மனைவியிடம் பட்டுப்புடவை இருந்தால் அவர் பாடு உங்களைவிடச் சுலபம்.

எந்தக் கப்பல் என்று நீங்கள் சொல்லவில்லை. நாங்கள் போனது குனார்டு நிறுவனத்தின் குயின் மேரி 2. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் ஏறி, 7 இரவு கழித்து நியூயார்க்கில் இறங்கினோம். மாமனார் மாமியாருக்கு 40-வது கல்யாண நாள் என்று நால்வராகக் கிளம்பினோம். உடை விஷயத்தில் இன்றைக்கும் கறாராக இருக்கும் கப்பல் இது என்பதால், இங்கே செல்லுபடியாவது வேறு எங்கேயும் செல்லும்.

7 இரவில் இரண்டுதான் அவர்கள் ‘கேலா’ என்று சொல்லும் முழு அலங்கார இரவு. முதல் இரவும் கடைசி இரவும் அப்படி வராது. பெட்டியைப் பிரிக்கவும் கட்டவும் ஆளுக்கு நேரம் வேண்டுமே, பழைய லைனர் கப்பல் காலத்திலிருந்து வரும் வழக்கம். மற்ற இரவுகளில் ஆண்களுக்கு ஒரு கோட் இருந்தால் சரி, டை உங்கள் இஷ்டம். இந்த விதியெல்லாம் மாலை 6 மணிக்கு மேல்தான். பகலில் டி-ஷர்ட்டில் திரியலாம்.

கேலாவுக்கு ஒரு வண்ணமும் சொல்வார்கள். எங்களுக்கு ஒன்று கறுப்பு-வெள்ளை, இன்னொன்று சிவப்பு-பொன். கல்யாண நாள் சரியாகக் கறுப்பு-வெள்ளை அன்று வந்து தொலைத்தது. “கல்யாண நாளும் அதுவுமா கறுப்பு கட்டுவேனா? நல்லா இருக்கே!” என்று மாமியார் ஒரே பிடியாக நின்று, அரக்கு நிறக் காஞ்சிபுரத்தில்தான் சாப்பிட வந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வண்ணம் கட்டாயமில்லை, சேர்ந்துகொண்டால் சந்தோஷம், அவ்வளவுதான். அடுத்த கேலாவுக்கு அதே அரக்கும் ஜரிகையும் அச்சாகப் பொருந்திப்போனது வேறு கதை.

மாமனார் பட்டு வேட்டி, வெள்ளை முழுக்கைச் சட்டை, அங்கவஸ்திரம். அவரவர் நாட்டு மரபுடை ஏற்கப்படும் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. கப்பல் ஆடும் என்பதால் வெல்க்ரோ வேட்டிக்கு மேல் பெல்ட்டும் போட்டுக்கொண்டார். கசவுக்கரை வேட்டியைவிட அகலக் கரை வைத்த பட்டு எடுப்பாக இருக்கும் என்பது என் கட்சி. செருப்பு மட்டும் வீட்டு ரகமாக இருக்கக் கூடாது.

நான்தான் கோட்டை விட்டேன். ‘பிளாக் டை’, அதாவது டக்ஸீடோவும் வில் டையும், என்று படித்ததும் பயந்துபோய் ஊரில் ஒரு கடையில் டக்ஸீடோ வாடகைக்கு எடுத்தேன். கால்சட்டை கணுக்காலுக்கு மேல் இரண்டு விரற்கடை நின்றது. கப்பலில் போய்ப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரவு முழுக்க மேசைக்கடியில் காலை மடக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். இரண்டாவது கேலாவுக்குச் சொந்த சூட், நல்ல டை, பாலிஷ் போட்ட ஷூ. அன்றைக்குத்தான் நடன அரங்குப் பக்கமே போனேன். டக்ஸீடோவுக்கும் சூட்டுக்கும் தூரத்திலிருந்து தெரியும் வித்தியாசம் காலர் மடிப்பின் சாட்டின் பளபளப்பும் வில் டையும்தான். இடுப்பில் சுற்றும் பட்டைக்கு ‘கமர்பண்ட்’ என்று பெயர். நம் பக்கத்து ‘கமர்பந்து’ தான் அது. இந்தியாவில் வெள்ளைக்கார அதிகாரிகள் கட்டிப் பழகி ஊருக்குக் கொண்டுபோனார்கள். கட்டுவதானால் மடிப்பு மேல்நோக்கி இருக்க வேண்டும். நான் தலைகீழாகக் கட்டி, பக்கத்து மேசைத் தாத்தா சைகை காட்டித் திருப்பினேன்.

அப்புறம், இஸ்திரி. அறையில் இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ள விட மாட்டார்கள், தீப்பிடிக்கும் பயம். துணி துவைக்கும் அறையில் மேசையும் பெட்டியும் இருக்கின்றன, காசு கிடையாது. ஆனால் கேலா அன்று மாலை நாலரைக்குப் போனால் ஊரே அங்கேதான் நிற்கும். என் மனைவி முழம் அகல மேசையில் ஆறு கெஜத்தைப் பரப்பி ஒரு மடிப்பு தேய்த்துத் தள்ளுகிறாள், அடுத்தது வந்துகொண்டே இருக்கிறது. பின்னால் ஒரே ஒரு சட்டையோடு நின்றவர், “இன்னும் இருக்கிறதா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். காலையிலேயே தேய்த்து மாட்டிவிடுங்கள்.

புடவை கட்டிக்கொண்டு திறந்த தளத்துக்குப் போகும் ஆசை வரும். அட்லாண்டிக் காற்று முந்தானையைப் பிடுங்கும். படம் எடுப்பதென்றால் உள்ளே, படிக்கட்டுப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். குதிகால் உயர்ந்த செருப்பும் வேண்டாம், கொசுவத்தில் மாட்டும் நேரம் பார்த்துத்தான் கப்பல் சாயும்.

அலங்காரமே பிடிக்காது என்றாலும் பட்டினி கிடக்க மாட்டீர்கள். கிங்ஸ் கோர்ட் என்ற பஃபேயிலும் கோல்டன் லயன் பப்பிலும் கேலா அன்றும் சாதாரண உடையில் சாப்பிடலாம். அதுகூடத் தொல்லை என்றால் வைக்கிங் மாதிரி நிறுவனத்தின் கப்பலைப் பாருங்கள், அங்கே ஃபார்மல் இரவே கிடையாது. ஒன்று மட்டும்: கப்பலில் பெட்டி எத்தனை கொண்டுபோனாலும் கேட்க மாட்டார்கள், திரும்பும் விமானத்தில் கிலோ கணக்குக் கேட்பார்கள்.

கடைசியாக, ஊக்கு. சின்னது பெரியது இரண்டும். கல்யாண நாள் அன்று எங்கள் மேசையில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கவுனின் தோள்பட்டி சூப் வரும் நேரத்தில் அறுந்தது. அவர் பையில் லிப்ஸ்டிக் இருந்தது, வாசனைத் தைலம் இருந்தது, அறைச் சாவி இருந்தது. என் மாமியார் பேசாமல் தாலிச் சங்கிலியை வெளியே இழுத்து, அதில் கோத்திருந்த நாலு ஊக்கில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார்.